கட்டர் வளைவில் சாய்ந்து நின்ற கம்புகள்

டாலிவர் மாவட்டம், எல்க் ஃபோர்க் ஊர், பழைய சுரங்கத் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டில் வசிக்கும் லோயல் ஹக்கபி மகன் டெல்பர்ட் ஹக்கபி, வயது 61, மாவட்டச் சாலைப் பிரிவு ஓட்டுநர், யாரும் கூப்பிடாமல் தானாக ஷெரீப் அலுவலகத்துக்கு வந்து, துணை ஷெரீப் ட்ரெண்ட் போலிங் முன்னிலையில் புதன்கிழமை காலை சொல்ல, அவர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி நெல்டாவுடன் குடியிருந்து வருகிறேன். என் அப்பா வெள்ளிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் மாவட்டத்தில் மாதச் சம்பளம் கொடுப்பவர்கள் என்று பள்ளிக்கூடத்தையும் மாவட்ட அலுவலகத்தையும் தவிர யாரும் மிஞ்சவில்லை, ஆகையால் நான் சாலைப் பிரிவில் சேர்ந்து பனி தள்ளும் லாரி ஓட்டி வருகிறேன். எங்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், கணவாயில் பனி விழுந்தால் அவரும் வரமாட்டார். வரி கட்டுவது, கல்யாணத்தைப் பதிவு செய்வது, நாய்க்கு லைசென்ஸ் வாங்குவது எல்லாம் நீதிமன்றக் கட்டடத்தில் ஒரே ஜன்னலில் நடக்கிறது. மலைமேல் இருப்பவர்களுக்கு அந்த ஜன்னலே ஞாபகம் இருக்காது. அவர்களுக்கு அரசாங்கம் என்றால் காலையில் வரும் பனி லாரிதான். பத்தொன்பது வருடம் வடக்குச் சாலையில் அந்த அரசாங்கமாக இருந்தவன் நான்.

இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று துணை ஷெரீப் கேட்டார். தேவை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

சென்ற செப்டம்பரில் சாலைப் பிரிவு மேற்பார்வையாளர் வெண்டல் க்ரைடர் என்னைக் கூப்பிட்டு, என் முழங்கால் சரியில்லாததால் வடக்குச் சாலையை யோலண்டா பச்சேகோ பார்த்துக்கொள்வாள் என்றும், நான் ஊர்த் தெருக்களையும் குப்பைக் கிடங்குக்குப் போகும் பாதையையும் பார்த்தால் போதும் என்றும் சொன்னார். மேற்படி யோலண்டாவுக்கு வயது முப்பத்து நான்கு இருக்கும். அவள் குடும்பம் இந்த மாவட்டத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இங்கே ஆடு மேய்த்த குடும்பம். அவள் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, முழங்காலால் யாரும் பனி தள்ளுவதில்லை என்று வெண்டலிடம் சொன்னேன். அதற்கு அவர், "டெல்பர்ட், மே மாசம் ஓய்வு பெறப் போற ஆளு நீ. கொஞ்சம் உக்காந்து காப்பி குடிய்யா" என்றார். நான் காப்பி குடிக்கவில்லை.

அதன் பிறகு அக்டோபரில், மண் உறைவதற்கு முன்னால், வழக்கப்படி வடக்குச் சாலையின் இரண்டு ஓரத்திலும் கம்பு நட வேண்டியிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான மூங்கில் கம்பு, தலையில் சிவப்புத் துணி. பனி மூடிவிட்டால் சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்தக் கம்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பத்தொன்பது வருடமாக அதை நட்டவன் நான். இந்த முறை யோலண்டா தனியாகப் போய் நட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எல்லாக் கம்பையும் நெட்டுக்குத்தாக நட்டிருந்தாள். நான் நட்டால் மலைப் பக்கம் ஒரு சாய்வு கொடுத்து, அடியில் கல் வைத்து இடித்து நடுவேன், அப்போதுதான் லாரி பனியை வீசும்போது கம்பு சாய்ந்து விழாமல் நிற்கும். இந்த மாவட்டத்தில் அப்படி நடுகிறவன் நான் ஒருவன்தான்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றாலும் சொல்கிறேன். வடக்குச் சாலைக்காரர்கள் யோலண்டாவுக்காக வாசல் கம்பத்தில் பண்டம் தொங்கவிட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் ஃபிளாஸ்க்கில் சூடான காப்பி, ஒரு வீட்டில் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை, ஒரு வீட்டில் மான் இறைச்சி வற்றல். பின்னிய கையுறை ஒன்றும் வந்தது, அது உங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது என்று துணை ஷெரீப்பிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் எழுதினார். எனக்குப் பத்தொன்பது வருடத்தில் தொங்கியது என்று ஒன்று உண்டு. ஏமோஸ் ரட்லெட்ஜ் சாலையோரத்தில் உடைந்து கிடந்த தன் வீட்டுத் தபால் பெட்டியை என் லாரியின் பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டுப் போனார்.

மேற்படி ஏமோஸ் ரட்லெட்ஜ், வயது எழுபத்தெட்டு, வடக்குச் சாலையில் கட்டர் வளைவுக்கு மேலே தனியாக வசிப்பவர். எங்கள் ஊரில் பனி லாரி ஒருவனுடைய தபால் பெட்டியை இடித்துவிட்டால் அது அடுத்த மூன்று குளிர்காலத்துக்குப் பேச்சு. மாவட்ட ஆணையர்கள் கூட்டத்தில் பாலம் பற்றியும் பள்ளிக்கூடக் கூரை பற்றியும் பேச நேரம் இருக்காது, தபால் பெட்டி பற்றிப் பேச இருக்கும். நான் அவர் பெட்டியை இரண்டு முறை இடித்திருக்கிறேன், மறுக்கவில்லை. அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து என் பெயரைச் சொன்னார். அந்த மனிதரே யோலண்டாவுக்காகக் கம்பத்தில் ஃபிளாஸ்க் தொங்கவிட்டார், அதுவும் மூடியின் மேல் கம்பளித் துணி சுற்றி.

டிசம்பர் தொடக்கத்தில் ஊர்ப் பத்திரிகையில் யோலண்டாவின் படம் வந்தது. லாரிப் படியில் நின்று சிரிக்கிறாள். 'நம்மை வீடு சேர்ப்பவள்' என்று தலைப்பு. அது நான் ஓட்டிய லாரி. அதன் இடது கதவில் இருக்கும் கீறல் நான் போட்டது. அந்தப் பக்கத்தை நெல்டா வெட்டி எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலை அடுப்பில் இலவங்கப்பட்டை ரொட்டி வெந்துகொண்டிருந்தது, நான் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெல்டா ரொட்டியைத் துணியில் சுற்றினாள்.

"யாருக்கு அது?" என்று கேட்டேன்.

"யோலண்டாவுக்கு. எங்கக்கா வீட்டுப் பாதைய பொழுது விடியறதுக்குள்ள தள்ளிக் குடுத்திருக்கா பாவம்."

"நான் பத்தொன்பது வருசம் தள்ளினேன். எனக்கு யாரு சுத்திக் குடுத்தா?"

"நீ தள்ளினது பனியா டெல்பர்ட்? போற வழியில இருந்தவங்களையெல்லாம்ல தள்ளின. ஒருத்தரப் பாத்துக் கை அசைச்சிருப்பியா?"

லாரி ஓட்டும்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு வெளியே போனாள். வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு வேறு நல்ல பெயர் இருக்கிறதா என்று இத்தனை நாள் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை, பொறாமை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், நான் கடப்பாரையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு என் சொந்த வண்டியில் கட்டர் வளைவுக்குப் போனேன். வளைவு தொடங்கும் இடத்தில் ஒரே பலகையில் வரிசையாக ஐந்து தபால் பெட்டிகள் இருக்கின்றன, முதல் பெட்டி ஏமோஸினுடையது. பெட்டிகளைத் தாண்டி ஓடைப் பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் யோலண்டா நட்டிருந்த கம்புகளில் ஆறைப் பிடுங்கி, சாலையைவிட்டு ஏறக்குறைய ஒரு கஜம் வெளியே தள்ளி நட்டேன். கம்பை நம்பி வந்தால் சாலை அகலம் என்று நினைத்து அவள் லாரியின் பனி தள்ளும் பக்கத் தகடு அந்த ஐந்து பெட்டியையும் வாரிக்கொண்டு போகும், அதன் பிறகு யார் ஃபிளாஸ்க் தொங்கவிடுகிறார்கள் என்று பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பள்ளத்தைப் பற்றி நினைத்தாயா என்று துணை ஷெரீப் கேட்டார். நினைக்கவில்லை. தபால் பெட்டியைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மண் மேலே உறைந்து கல்லாகியிருந்தது. கெடுதல் செய்யப் போனவன் சும்மா ஒப்புக்குக் குத்திவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கடப்பாரையால் குழி போட்டு, மலைப் பக்கம் சாய்வு கொடுத்து, கல் வைத்து இடித்து, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வண்டியில் ஏறினேன்.

அதன் பிறகு பல நாள் பனி விழுந்தது, யோலண்டா ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை. அவள் பகல் வெளிச்சத்தில் வளைவுக்கு வருகிறாள், பெட்டிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஒதுங்கிப் போகிறாள், அவ்வளவுதான். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. கம்புகளைத் திரும்ப எடுத்து வைத்துவிடலாம் என்று ஒரு முறை தோன்றியது. ஆனால் அடுத்த பனியில் இடித்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் புதன்கிழமை காலையில் யோலண்டா வடக்குச் சாலை முழுவதும் தள்ளிவிட்டு இறங்கினாள். மதியத்துக்கு மேல் காற்று பிடித்தது. தள்ளிய பனியெல்லாம் திரும்பி வந்து, எது வானம் எது தரை என்று தெரியாதபடி வெள்ளையாக ஆகிவிட்டது. நான் சாலைப் பிரிவுக் கொட்டகையில் லாரி டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எல்லாச் சமையலறையிலும் இருப்பதுபோல் கொட்டகையிலும் ஆம்புலன்ஸ், ஷெரீப் பேச்செல்லாம் கேட்கும் அவசர வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். ஏமோஸ் விறகு எடுக்கப் போய் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது என்றும், ஆம்புலன்ஸ் மேலே போகிறது என்றும் முதலில் கேட்டேன். எங்கள் ஆம்புலன்சுக்குச் சம்பள ஆள் கிடையாது, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் காலன் ஃபின்ச்தான் மணி அடித்தால் ஓடிவந்து ஓட்டுவார். மேலே போகும்போது அவர் மலை ஓரமாகப் போனார், ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது ஓடைப் பக்கம் வர வேண்டும். அது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. கண் தெரியாத பனியில் காலன் எதைப் பார்த்து ஓட்டுவார்? இந்த மாவட்டத்தில் பிறந்தவன் எல்லோரும் எதைப் பார்த்து ஓட்டுவானோ அதைத்தான். சாலைப் பிரிவின் பேசும் வானொலியை எடுத்துக் கூப்பிட்டேன், கம்பை நம்பாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் காலனின் குரல் வந்தது, கட்டர் வளைவில் பள்ளத்தில் இருக்கிறோம் என்றார்.

நான் என் லாரியை எடுத்துக்கொண்டு போனேன். யோலண்டா எனக்கு முன்பே வந்து, ஆம்புலன்சுக்குக் காற்று படாதபடி தன் லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்தாள். ஆம்புலன்ஸ் ஓடைப் பக்கம் சரிந்து கிடந்தது. காலனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஏமோஸ் உள்ளே படுக்கையில் கட்டப்பட்டபடி சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார், முகம் சாம்பல் நிறமாக இருந்தது. யோலண்டா காலனைப் பார்த்துக்கொள்ள, நான் உள்ளே ஊர்ந்து போய் ஏமோஸின் இடுப்பு அசையாதபடி இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"யோலண்டா வந்துட்டாளா?" என்றார்.

"வந்துட்டா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

என் கைதான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதையும், அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கேள்வி சுட்டது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பக்கத்து மாவட்டத்து ஆம்புலன்ஸ் கணவாய் தாண்டி வரும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம். ஏமோஸ் பிழைத்துக்கொண்டார். ஆனால் நகரத்து ஆஸ்பத்திரியில், இனி அவர் மலைமேல் தனியாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டை அவர் கையால் கட்டினார் என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு இந்தத் திங்கட்கிழமை நீதிமன்றக் கட்டடத்தில் ஆணையர்கள் மூவரும் அவசரக் கூட்டம் வைத்தார்கள். பனிக்கோட்டைக் கழற்றக்கூட இடம் இல்லாமல் கூட்டம். கம்புகள் இடம் மாறி இருந்தன என்று வெண்டல் சொன்னார். இந்தக் குளிர்காலம் வடக்குச் சாலையில் கம்பு நட்டது யார் என்று ஆணையர் ஒருவர் கேட்டார். நான் கடைசி வரிசையில் நெல்டா பக்கத்தில் இருந்தேன். எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்துக் கோட்டுப் பொத்தானைப் பிடித்தேன். அதற்குள் யோலண்டா எழுந்துவிட்டாள்.

"நான்தான் நட்டேன். அந்த வளைவுல அளவு தப்பாப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. காலன் மேல ஒண்ணும் இல்ல" என்றாள்.

பிறகு காலன் கட்டுப்போட்ட தோளோடு எழுந்து போய் மற்றொரு கையால் அவள் தோளைத் தட்டினார். யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். நெல்டா அழுதாள். "ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும் பாத்தியா" என்று என் காதில் சொன்னாள். யோலண்டாவை வேலையை விட்டு நீக்குவதா இல்லையா என்று வியாழக்கிழமை முடிவு செய்வதாக ஆணையர்கள் எழுந்தார்கள். வெளியே வந்தபோது அவள் வண்டியின் முன்பக்கத்தில் அதற்குள் யாரோ சுட்ட ஆப்பிள் பை ஒன்றை வைத்திருந்தார்கள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, கொட்டகையில் அவள் லாரிக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய், எதற்காக அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்தாள்.

"அந்த ஆறு கம்பும் மலைப் பக்கம் சாஞ்சு நிக்குது டெல்பர்ட். பிடுங்கிப் பாத்தேன், வரல. அடியில கல்லு. நான் அவ்ளோ நல்லா நட மாட்டேன்."

"தெரிஞ்சும் எதுக்குப் பொய் சொன்ன?"

"எனக்கு வேலை போனா வேற ஊர்ல லாரி ஓட்டுவேன். உங்களுக்குப் போனா ஓய்வூதியமும் சேர்ந்து போகும். நெல்டா அக்கா என்ன பண்ணுவாங்க? அவங்க ரொட்டிய நான் தின்னிருக்கேன்."

"நான் உன்கிட்ட வந்து பிச்சை கேட்டேனா?"

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். அதன் பிறகு, "போய்ச் சொல்லிடாதீங்க. எல்லாம் ஆறிப் போயிடும்" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடப்பாரையை எடுத்து அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். என் சாலையை எடுத்தாள், என் லாரியை எடுத்தாள், என் வீட்டு ரொட்டி அவளுக்குப் போயிற்று. இப்போது நான் செய்த தப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள், அதற்கும் ஊர் கை தட்டுகிறது.

இன்று காலை நெல்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வூதியம் போகும் என்றும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு உனக்காக வாய மூடிக்கிட்டிருந்தாளே, அதக்கூட உன்னால தாங்க முடியலயா?" என்று கேட்டாள்.

முடியவில்லை என்று சொன்னேன். அவள் உள்ளே போய் என் கோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். நேராக இங்கே வந்தேன்.

துணை ஷெரீப் இதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைத்தார்களா என்று கேட்டார். இல்லை, சொல்லாதே என்றுதான் ஒருத்தி சொன்னாள் என்று பதில் கொடுத்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டதற்கு, அது பாதிதான் உண்மை, ஆகவே அப்படி எழுத வேண்டாம் என்று சொன்னேன். இதில் உள்ளவை நான் என் வாயால் சொன்னவை, கூட்டியும் குறைத்தும் எழுதப்படவில்லை, எல்லாம் நடந்தது நடந்தபடியே. கட்டர் வளைவில் நடந்த தப்பு முழுவதும் என்னுடையது. யோலண்டா பச்சேகோவுக்கு அதில் ஒரு கம்பு அளவுகூடப் பங்கு கிடையாது, கொடுக்கவும் மாட்டேன்.

(கையொப்பம்) டெல்பர்ட் ஹக்கபி
என் முன் சொல்லி, வாசிக்கக் கேட்டு, கையொப்பமிட்டார்: ட்ரெண்ட் போலிங், துணை ஷெரீப்